எஃகின் பதம்

ஹவுரா நிலையத்தை விட்டு வெளியே வந்தால், ஹூக்ளி ஆறு தெரிவதற்கு முன்பே பாலம் தெரிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து 1,660 கிலோமீட்டர் ரயிலில் வந்த களைப்போடு இறங்கும் பயணியும் அங்கே ஒரு கணம் நின்றுவிடுவார். ஆனால் நிற்க இடம் கிடைக்காது. தலையில் கூடை, தோளில் மூட்டை, இடுப்பில் குழந்தை என்று ஜனம் வந்துகொண்டே இருக்கிறது. பின்னால் வருபவர் “எகியே சொலுன், தாதா” என்று முதுகைத் தொடாத குறையாக நகர்த்துவார். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் வாகனங்களும் அதைவிட அதிகமான மனிதர்களும் கடக்கும் பாலம் அது.

நடைபாதையில் ஏறி, பாலத்தின் தளத்தைத் தாங்கித் தொங்கும் எஃகுத் தூண் ஒன்றின் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளலாம். தூணின் அடியைக் கண்ணாடியிழை உறை மூடியிருக்கும். வெற்றிலை, பான் எச்சில் பட்டுப் பட்டு எஃகு அரித்துப்போனதால் துறைமுக நிர்வாகம் போட்ட கவசம். அதற்கு மேலே கையை வைத்தால் உள்ளங்கையில் உருண்டை உருண்டையாக ரிவெட் தலைகள் தட்டுப்படும். நட்டும் போல்ட்டும் இல்லாமல், ரிவெட் அடித்தே கோத்த பாலம். இரு கோபுரங்களுக்கும் இடையே 457 மீட்டர், ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. கீழே மல்லிக் காட் பூச்சந்தையின் சாமந்தி மாலைகள் மஞ்சள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. அந்த வாசனை பாலத்தின் டீசல் புகையையும் மீறி மேலே வருகிறது.

இந்தப் பாலத்தில் 26,500 டன் எஃகு இருக்கிறது. அதில் 23,000 டன் ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலையில் உருவானது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய எஃகு இரண்டாம் உலகப் போருக்குத் திருப்பிவிடப்பட்டதால், உள்ளூர் ஆலை அந்தப் பொறுப்பை ஏற்றது. ‘டிஸ்க்ரோம்’ என்று பெயரிட்ட உயர்வலிமை எஃகைத் தகடுகளாகவும் கோணங்களாகவும் உருட்டி அனுப்பியது. பிரெய்த்வெயிட், பர்ன், ஜெஸ்ஸப் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து கட்டிய பாலம் 1943 பிப்ரவரி 3 அன்று திறக்கப்பட்டது.

அதற்குப் பதினெட்டு நாள் முன்னால், உலகின் மறுபக்கத்தில் வேறொன்று நடந்தது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் ‘ஸ்கெனெக்டடி’ துறையில் கட்டப்பட்டிருந்தபடியே இரண்டாகப் பிளந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை, அமைதியான தண்ணீர், குளிர்ந்த இரவு. முழுக்க வெல்டிங் செய்து கட்டிய கப்பல் அது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ரிவெட் அடித்த கட்டுமானத்தில் ஒரு தகட்டில் விரிசல் விட்டால், பெரும்பாலும் அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். அடுத்த தகடு தனி உடம்பு. வெல்டிங் செய்ததில் எல்லாத் தகடும் ஒரே உடம்பு. எங்கோ தொடங்கும் விரிசலுக்கு வழி நெடுகத் திறந்தே கிடக்கிறது. அந்த வழியை அடைக்க வேண்டிய பொறுப்பு எஃகின் மேலேயே விழுகிறது. எஃகு வலுவாக இருந்தால் போதாது, விரிசலைப் பிடித்து நிறுத்தும் நொறுங்காத் தன்மையும் வேண்டும் என்பதைக் கப்பல் கட்டுவோர் அந்தக் குளிர்காலத்தில் கற்றார்கள். அடுத்து அதையே கற்க வேண்டிவந்தவர்கள் குழாய் போடுவோர்.

கொல்கத்தாவுக்குக் குழாய் வழியே வரும் வாயு புதிதல்ல. 1857லேயே இந்த நகரத் தெருக்களில் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. அந்த வாயு ஊருக்குள்ளேயே காய்ச்சி, மெல்லிய அழுத்தத்தில் வார்ப்பிரும்புக் குழாய்களில் போனது. இப்போது வருவது வேறு வகை. ‘உர்ஜா கங்கா’ என்று அழைக்கப்படும் ஜகதீஷ்பூர்–ஹால்டியா–பொகாரோ–தாம்ரா இயற்கை வாயுக் குழாய்வழி உத்தரப் பிரதேசத்தில் தொடங்கி பீகார், ஜார்க்கண்ட் வழியாக வங்கத்துக்குள் நுழைகிறது. அதன் டோபி–துர்காபூர் பகுதியான 348 கிலோமீட்டரை 2021 பிப்ரவரி 7 அன்று ஹால்டியாவில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இப்படிப்பட்ட நெடுந்தூரக் குழாய்களில் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் எண்பது, தொண்ணூறு மடங்கு வரை போகும்.

ஒரு சின்னக் கணக்கைப் பாலத்தின் மேல் நின்றே போட்டுவிடலாம். 36 அங்குல விட்டம் உள்ள ஒரு குழாய் 90 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பாதுகாப்பு விகிதப்படி, சாதாரணத் தர எஃகில் சுவர் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் தடிக்க வேண்டும். ‘எக்ஸ் 70’ என்ற தரத்தில், அதாவது 485 மெகாபாஸ்கல் வரை இழுபட்டும் நிரந்தரமாக நீளாத எஃகில், 12 மில்லிமீட்டர் போதும். கிலோமீட்டருக்கு 250 டன் மிச்சம். நூற்றுப்பத்து கிலோமீட்டர் குழாயில் மிச்சமாகும் எஃகில் இன்னொரு ஹவுரா பாலமே கட்டிவிடலாம்.

மெல்லிய சுவர், அதிக அழுத்தம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே வெல்டிங் உடம்பு. அதற்குள் அழுத்தி அடைத்த வாயு. எண்ணெய்க் குழாயில் விரிசல் விட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். திரவத்துக்குள் அந்தச் செய்தி வேகமாகப் பரவும், விரிசலுக்கு ஊட்டம் நின்றுபோகும். வாயுவில் அப்படியில்லை. அழுத்தம் இறங்கும் அலை நொடிக்கு 400 மீட்டர் அளவில்தான் ஓடுகிறது. நொறுங்கும் தன்மையுள்ள எஃகில் விரிசல் அதையும் முந்தி ஓடும். அதனால் விரிசலின் முனை எப்போதும் முழு அழுத்தத்திலேயே இருக்கிறது, நிற்பதற்குக் காரணமே கிடைப்பதில்லை. 1960ல் அமெரிக்காவில் ஒரு வாயுக் குழாயில் விரிசல் இப்படி ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஓடியது. ஹவுரா பாலத்தடியில் தொடங்கி டம் டம் விமான நிலையம் வரைக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வலிமையும் வேண்டும், நொறுங்கவும் கூடாது, வெல்டிங்குக்கும் இசைய வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முரண்டு பிடிப்பவை. எஃகை வலுவாக்க மிகப் பழைய வழி கார்பனைக் கூட்டுவது. நொய்யல் கரையில் கொடுமணலில் மூசையில் எஃகு உருக்கிய நம் முன்னோர் அதில் கரைகண்டவர்கள். உலகம் ‘ஊட்ஸ்’ என்று கொண்டாடிய அந்தத் தென்னிந்திய எஃகில் கார்பன் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இருந்தது. வாளுக்கு அது பொருத்தம். குழாய்க்கு ஆகாது. கார்பன் ஏறினால் வெல்டிங் ஓரம் கண்ணாடிபோல் இறுகி வெடிக்கும். இன்றைய குழாய்த் தகட்டில் கார்பன் நூற்றுக்கு 0.05 பங்கை ஒட்டியே இருக்கிறது. அப்படியானால் வலிமை எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு கொல்கத்தாவில் எளிதாக விடை கிடைக்கும் இடம் மிட்டாய்க் கடை. பௌபஜாரில் பீம் சந்திர நாக் கடை வாசலில் நின்று சந்தேஷ் கேட்டால், தட்டை எடுப்பதற்கு முன்பே மறுகேள்வி வரும்: “நொரோம் பாக், நா கொடா பாக்?” மெத்தென்றதா, இறுகியதா? இரண்டுக்கும் பொருள் ஒன்றே. பாலைத் திரித்தெடுத்த சானா, சர்க்கரை அல்லது வெல்லம். வாணலியில் எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் கிண்டி, எப்போது இறக்கி ஆறவிட்டார்கள் என்பதில்தான் பேதம். வங்காளியின் ‘பாக்’ நம் வீட்டுப் பாகுதான். மைசூர்பாகு கிளறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கம்பிப் பதம் தாண்டி அரை நிமிடம் விட்டால் கல், முன்னாலேயே இறக்கினால் கூழ். குழாய்த் தகடும் அப்படியே. சேர்மானத்தால் வரும் வலிமை கொஞ்சம். உருட்டும் பதத்தாலும் ஆற்றும் பதத்தாலும் வருவதே மிகுதி.

எஸ்பிளனேடில் மெட்ரோ பிடித்தால் சால்ட் லேக் ஐந்தாம் செக்டருக்கு இப்போது நேரே போய்விடலாம். 2025 ஆகஸ்டிலிருந்து ஹவுரா மைதானத்தையும் அந்தத் தகவல் தொழில்நுட்பப் பேட்டையையும் ஒரே பாதை இணைக்கிறது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே அங்கே ‘மெட்டல் ஹவுஸ்’ இருக்கிறது. 1946ல் தொடங்கிய இந்திய உலோகவியல் கழகத்தின் இல்லம். மென்பொருள் ஊழியர்கள் மதியச் சாப்பாட்டுக்குத் தெருவோரம் மொய்க்கும் இடத்தில் இப்படியொரு வீடு இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் ஆசை. ஜாம்ஷெட்பூர், பர்ன்பூர், துர்காபூர், ராவுர்கேலா ஆகிய நான்கு எஃகு ஊர்களுக்கும் கொல்கத்தாவே தலைவாசல்.

உலோகவியலாளர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரத்திலேயே 1950களின் தொடக்கத்துக்குப் போய்விடுவார். எஃகு என்பது கண்ணுக்குத் தெரியாத படிக மணிகள் நெருங்கி அடைந்த உடம்பு. மணிகள் சிறுக்கச் சிறுக்க எஃகின் வலிமை கூடும் என்று 1951ல் ஹால் என்பவரும் 1953ல் பெட்ச் என்பவரும் இங்கிலாந்தில் தனித்தனியே காட்டினார்கள். இதில் ஒரு வரமும் உண்டு. வலிமையைக் கூட்டும் மற்ற எல்லா வழியும் எஃகை நொறுங்கும் பக்கமாகத் தள்ளும். மணியைச் சிறிதாக்குவது மட்டுமே வலிமையையும் நொறுங்காத் தன்மையையும் சேர்த்துத் தரும். ஒவ்வொரு மணியின் எல்லையும் விரிசலுக்கு ஒரு வேலி. மணி சிறுத்தால் வேலி பெருகும். ஸ்கெனெக்டடி கப்பலுக்கு வாய்க்காத வேலிகள் அவை.

மணியைச் சிறிதாக்கும் வேலையைச் செய்ய நையோபியம் என்ற உலோகம் ஒரு சிட்டிகை போதும், நூற்றுக்கு 0.05 பங்கு. உலகத் தேவையின் பெரும்பகுதி பிரேசிலின் ஒரே ஒரு சுரங்க ஊரான அரஷாவிலிருந்து வருகிறது.

பதம் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைப் பார்க்க ஹவுராவிலிருந்து காலையில் கிளம்பும் இஸ்பாத் எக்ஸ்பிரஸில் ஏறலாம். இஸ்பாத் என்றால் எஃகு. போர்த்துகீசியரின் வாள் என்ற சொல்லே வங்கத்தில் இஸ்பாத் ஆனது என்பார்கள். கரக்பூர் தாண்டியதும் வயல்கள் மெல்ல மறைந்து செம்மண்ணும் சால் மரங்களும் வரும். 250 கிலோமீட்டரில் டாடாநகர், ஹவுரா பாலத்தின் பிறந்த வீடு. தேநீர் குடித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். சுமார் 410 கிலோமீட்டரில் ராவுர்கேலா.

ஜெர்மானிய உதவியோடு எழுந்த ராவுர்கேலா ஆலைக்குள் முன்அனுமதி இல்லாமல் போக முடியாது. அங்குள்ள புதிய தகட்டு உருட்டாலையில் 4.3 மீட்டர் அகலம் வரை தகடு உருட்டலாம். விரிவாக்கிய ஆலை 2015 ஏப்ரல் 1 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அகலத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தகட்டை வளைத்து நெடுக்கே ஒரு வெல்டிங் போட்டால் குழாய். எனவே தகட்டின் அகலமே குழாயின் சுற்றளவு. 36 அங்குலக் குழாய்க்கு 2.9 மீட்டர் அகலத் தகடு வேண்டும். பழைய 3.1 மீட்டர் ஆலை அதோடு மூச்சுவாங்கி நின்றுவிடும்.

குழாய்த் தகடு உருட்டும் எந்த ஆலையிலும் கதை ஒன்றே. கால் மீட்டர் தடித்த எஃகுப் பாளம் 1,150 முதல் 1,200 டிகிரிக்குள் உலையில் காய்கிறது. இங்கேயே முதல் தவறு நடக்கலாம். சூடு குறைந்தால் நையோபியம் கரையாமல் கட்டியாகவே கிடந்து வீணாகும். கூடினால் மணிகள் பருத்துப்போகும், பிறகு சிறுக்க வைப்பது பெரும்பாடு. வெளியே வரும் பாளம் கண்ணைக் கூசும் மஞ்சள். உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு முறை நசுங்கும்போதும் மணிகள் உடைந்து, அந்தச் சூட்டில் புதிதாக, முன்னிலும் சிறிதாகப் பிறக்கின்றன.

பிறகு நடப்பதுதான் புதியவரைத் திகைக்க வைக்கும். அவ்வளவு அவசரமாக ஓடிய தகடு திடீரென்று நின்றுவிடும். உருளை மேடையில் மெல்ல முன்னும் பின்னும் தாலாட்டப்பட்டபடி, யாரும் எதுவும் செய்யாமல், மஞ்சள் ஆரஞ்சாக மாறும்வரை காத்திருக்கிறார்கள். ஆலை சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம். இருந்தாலும் காத்திருந்தே ஆகவேண்டும். சூடு ஒரு எல்லைக்குக் கீழே, பல எஃகுகளில் 950 டிகிரியை ஒட்டி, இறங்கினால் கரைந்திருந்த நையோபியம் நுண்ணிய பொடியாகப் பிரிந்து மணிகளின் எல்லைகளைப் பிடித்துக்கொள்ளும். இனி நசுக்கினால் மணிகள் மீண்டும் பிறக்காது, தோசையாகத் தட்டையாகும். எல்லைகள் பெருகும், உள்ளே குலைவு சேரும். அடுத்த கட்டத்தில் புதிய மணிகள் முளைக்க அதுவே விதைநிலம். எஃகு இந்தச் சூட்டில் முரட்டுத்தனமாக எதிர்க்கும். உருளைகள் பல ஆயிரம் டன் விசையோடு அழுத்துகின்றன. அவசரப்பட்டுச் சூடாக இருக்கும்போதே உருட்டி முடித்தால் தகடு பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் உடைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

கடைசி உருட்டு 800 டிகிரியை ஒட்டி முடிகிறது. உடனே தண்ணீர்.

இதுவே இந்தத் தொழிலின் நுட்பமெல்லாம் கூடும் இடம். காற்றில் ஆறவிட்டால் தகடு நொடிக்கு ஒரு டிகிரி அளவில் இறங்கும். அப்படி ஆறிய எஃகில் மென்மையான அடுக்கும் கார்பன் மிகுந்த அடுக்கும் மாறி மாறிப் படியும். கந்தகம் கலந்த ஈரமான வாயு ஓடினால், எஃகுக்குள் நுழையும் ஹைட்ரஜன் அந்த அடுக்குகளின் ஓரத்தில் தேங்கி உள்ளிருந்தே பிளக்கும். மாறாக, மேலும் கீழும் தண்ணீர்த் திரை போட்டு நொடிக்கு 10 முதல் 20 டிகிரி வேகத்தில் ஆற்றினால் அடுக்குகள் உருவாக நேரமே கிடைப்பதில்லை. ஊசி ஊசியாக, ஒன்றுக்குள் ஒன்று பின்னி, தென்னை நார் மிதியடிபோல் ஒரு நெசவு பிறக்கிறது. விரிசல் அதற்குள் நேராகப் போக முடியாது. ஆனால் 500 டிகிரியை ஒட்டித் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இன்னும் வெகுவாகக் கீழே இறக்கினால் நடுநடுவே கண்ணாடித் துணுக்குபோல் இறுகிய தீவுகள் தோன்றும். வலிமைச் சோதனையில் அவை நல்ல எண்ணாகவே வரும். விரிசலோ அந்தத் தீவுகளில்தான் தொடங்கும். தண்ணீருக்கு அடியில் தகடு இருக்கும் இருபது நொடியில் இத்தனையும் முடிவாகிறது.

தண்ணீர் ஊற்றுவதில் என்ன சிரமம் என்று கேட்பவர், காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்க்காதவராகத்தான் இருப்பார். துளி முத்தாகத் திரண்டு கல்லைத் தொடாமல் ஓடும். அடியில் நீராவி மெத்தை. கல் சற்று ஆறியதும் அதே துளி சட்டென்று ஒட்டிச் ‘சொய்ங்’ என்று சூட்டை உறிஞ்சும். தகட்டிலும் அதேதான். மெத்தை ஓரிடத்தில் கிழிந்து இன்னோரிடத்தில் நிலைத்தால், முழங்கையளவு தூரத்தில் இரு வேறு எஃகு பிறக்கும். தகடு அப்பளம்போல் வளையும். வளைவு தெரியாத தகட்டுக்குள்ளும் இழுவிசை பூட்டிக் கிடக்கும். குழாயாக வளைக்கும் ஆலையில் அது வெளிப்பட்டு வட்டத்தைக் கெடுக்கும். ஜப்பானின் ஃபுகுயாமாவில் என்கேகே நிறுவனம் 1980ல் உருட்டாலையோடு சேர்த்தே இப்படிக் குளிர்விக்கும் அமைப்பை நிறுவியது. மெத்தையின் தொல்லையை அடக்கும் அதன் மேம்பட்ட வடிவம் வர 1998 ஆகிவிட்டது. பதினெட்டு ஆண்டுகள், தண்ணீரை ஒழுங்காக ஊற்றக் கற்பதற்கு.

பிறகு உடைத்துப் பார்ப்பார்கள். தகட்டின் முழுத் தடிப்பில் வெட்டிய துண்டைக் குளிர வைத்து, மேலிருந்து பெரும் எடையை விழவிட்டுப் பிளக்கிறார்கள். பிளந்த முகம் சர்க்கரை உடைந்ததுபோல் பளபளத்தால் நொறுங்கிய எஃகு. நாராக, சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் இழுபட்டு, போராடிக் கிழிந்த எஃகு. குழாய்த் தகட்டில் நூற்றுக்கு 85 பங்காவது மங்கலாக இருக்க வேண்டும். பளபளப்பு வெறுக்கப்படும் அபூர்வமான தொழில்களில் இதுவும் ஒன்று.

இந்த எஃகுக் குடும்பத்தின் வேறு கிளைகள் கொல்கத்தாவிலேயே தண்ணீரில் இறங்கியிருக்கின்றன. கார்டன் ரீச்சில் கட்டி 2014 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்த ‘ஐஎன்எஸ் கமோர்தா’ கப்பலின் உடம்பு, ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கிய டிஎம்ஆர் 249ஏ எஃகு. ஸ்கெனெக்டடி தந்த பாடம் ஹூக்ளிக் கரையிலும் படிக்கப்பட்டிருக்கிறது.

ராவுர்கேலாவிலிருந்து திரும்பும் வண்டி கரக்பூருக்கு வெளியே சிக்னலுக்காக நிற்கும்போது, பக்கத்துத் தடத்தில் ஒரு சரக்கு ரயில் நின்றிருந்தது. தட்டையான வேகன்களில் எஃகுத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, மரக்கட்டைகள் வைத்துச் சங்கிலியால் இறுக்கியிருந்தார்கள். மேல் தகட்டில் வெள்ளைப் பெயின்டில் தரமும், உருக்கிய தொகுதியின் எண்ணும், தகட்டின் எண்ணும். குழாயாக வளைந்தபின் குழாயின் உட்சுவரிலும் எண் ஏறும். எந்த மூட்டு எந்த வயலுக்கு அடியில் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதி, மேலே ஒரு மீட்டருக்குக் குறையாமல் மண் போட்டு மூடிவிடுவார்கள்; விவசாயி மறுபடி நெல் நடுவார். வெளியே தெரிவது வரப்போரத்தில் நிற்கும் ஓர் அடையாளக் கம்பம் மட்டும்.

சிக்னல் விழுந்தது. சரக்கு ரயில்தான் முதலில் நகர்ந்தது. முப்பது, நாற்பது வேகன்கள் கடந்து முடிய வெகுநேரம் ஆயிற்று.